தாளில் இல்லாத காரணம்

அந்தத் தாளை முன்னமே அச்செடுத்து வைத்திருந்தார்கள். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. ‘சொந்தக் காரணங்களுக்காக என் பணியை ராஜினாமா செய்கிறேன்’ என்று இரண்டே வரி, கீழே என் பெயர், என் பணியாளர் எண். எச்.ஆர். மேலாளர் பேனா மூடியைக் கழற்றித் தாளின் மேலேயே வைத்தார்.

“இப்பவே போட்டுட்டீன்னா செட்டில்மென்ட், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் எல்லாம் சுத்தமா வந்துடும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படறே?”

2019 ஆகஸ்ட் மாதம் அது. கோவையில் பம்பு, மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில், கொள்முதல் பிரிவில் ஏழு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. “வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் சார்” என்று எழுந்து வந்தேன். அது துணிச்சலில் சொன்னது இல்லை. உண்மையாகவே வீட்டில் கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் பின்னால் நடந்ததற்கெல்லாம் இடம் கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரும்பி வந்த முதல் நாள், என் இருக்கையில் நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் உட்கார்ந்திருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைப் பார்த்ததும் பாவம், எழுந்தே நின்றுவிட்டான். பின்பக்கம், பழைய கோப்புகள் கிடக்கும் அறையில் எனக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். பத்து வருஷத்து விலைப்பட்டியல்களைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும் என்றார்கள். மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை ஊற்றும். பதினொரு மணிக்கெல்லாம் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும். கழிவறைக்குப் போய்ப் பிழிந்து கீழே விட்டுவிட்டு வருவேன். வீட்டில் குழந்தை புட்டிப்பால் குடித்துக்கொண்டிருக்கும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டத்திலேயே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பதும் தெரியாது. அங்கே முந்நூறு பேர் வேலை பார்த்தோம்.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் 3,800 ரூபாய் குறைந்திருந்தது. கொள்முதல் பிரிவுக்கான படி இனி இல்லையாம்.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அக்காவின் மகள் அப்போது சட்டக் கல்லூரி மாணவி. விஷயத்தைக் கேட்டதும், “கோர்ட்டு வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்குதுங்க அக்கா, அங்க போங்க, காசு கேக்க மாட்டாங்க” என்றாள். இலவச சட்ட உதவி என்றால் பரம ஏழைகளுக்கு மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாய்க்கும் மேலே. எனக்கெல்லாம் எப்படித் தருவார்கள் என்று கேட்டேன். பொம்பளைங்களுக்கு வருமான வரம்பே கிடையாது என்றாள்.

இதை இன்றைக்கும் பலர் நம்புவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆவது பிரிவு. இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் யார் யார் என்ற பட்டியலில் பெண்கள் தனியாக இருக்கிறார்கள். வருமானச் சான்று வேண்டாம். மாதம் ஒரு லட்சம் வாங்கும் பெண்ணும் போகலாம், வீட்டு வேலை செய்யும் பெண்ணும் போகலாம். மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட ஆணைக்குழு, தாலுகா நீதிமன்றத்தில் வட்டக் குழு. 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைத்தும் கேட்கலாம். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம் எதுவும் நம் கையிலிருந்து போகாது.

ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், நடந்தது என்ன என்று ஒரு தாள். அவ்வளவுதான் கேட்டார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட வக்கீலுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, முதலில் ஒன்று கேட்டார்.

“கையெழுத்துப் போட்டுட்டீங்களா அம்மிணி?”

“இல்லைங்க மேடம்.”

“நல்லது. அவங்க சொன்னதுல எதெது எழுத்துல இருக்குது?”

யோசித்துப் பார்த்தேன். எதுவுமே இல்லை. இடம் மாற்றியதற்கு உத்தரவு தரவில்லை. படியை நிறுத்தியதற்குக் கடிதம் இல்லை. குழந்தை பெற்றதால்தான் இப்படி என்பதை ஆளாளுக்கு வாயால் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் அன்பாக. “இனி உன்னால லேட்டா உட்கார முடியாதேம்மா”, “வெண்டரைப் பார்க்க வெளியூர் போகணுமே, முடியுமா?”, “அடுத்ததும் பெத்துக்குவீங்கல்ல?” இதில் ஒரு சொல்கூடத் தாளில் இல்லை. தாளில் இருந்த ஒரே காரணம் ‘சொந்தக் காரணங்கள்’. அதையும் நான் சொன்னதாக அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த மாதங்களில் ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கைபேசியில் பழைய தீர்ப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தட்டுப்பட்டது. அந்தக் காலத்தில் பாகுபாட்டைக் கூச்சமில்லாமல் விதியாகவே அச்சடித்து வைத்திருந்தார்கள். 

சி.பி.முத்தம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். குடகில் பிறந்து சென்னையில் படித்தவர், 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியின் விதிப்படி, பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்வதற்கு முன் அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசுக்குத் தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு அப்படி ஒரு விதி கிடையாது. பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர், மனைவியின் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்றால் கணவனுடையது மட்டும் ஆகாதா என்று கேட்டு, பெண்களுக்கு எதிரான எல்லாப் பணி விதிகளையும் மாற்றச் சொன்னார்.

1981இல் ஏர் இந்தியா வழக்கு. விமானப் பணிப்பெண் வேலையில் சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டாலோ, முதல் முறை கர்ப்பமானாலோ வேலை போய்விடும் என்று விதி இருந்தது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி நீக்கும் விதியை, இந்தியப் பெண்மைக்கே இழைக்கும் அவமதிப்பு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நான்கு வருஷக் கல்யாணத் தடையை மட்டும் நியாயம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

என்னை உலுக்கிய வழக்கு எல்.ஐ.சி. சம்பந்தப்பட்டது. வேலையில் சேரும் பெண்கள் நிரப்பித் தர வேண்டிய படிவத்தில், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் கட்டம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். தகுதிகாண் காலத்தில் பிரசவத்துக்கு விடுப்புப் போட்ட ஒரு பெண்ணை, படிவத்தில் தப்பான தகவல் கொடுத்தாள் என்று சொல்லி நீக்கினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னது, அந்தக் கட்டங்களையும் படிவத்திலிருந்து நீக்கச் சொன்னது. மருத்துவரிடம் சொல்லவே நாம் குரலைத் தாழ்த்தும் விஷயங்களை, வேலைக்குச் சேர வந்த பெண் பேனா பிடித்து எழுத வேண்டியிருந்திருக்கிறது.

பாகுபாடு சட்டத்திலேயேகூட அச்சில் இருந்தது. பெண்கள் இரவு ஷிப்டில் வேலை செய்யக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆவது பிரிவின் அந்தப் பகுதியை, 2000 டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றம்தான் செல்லாது என்றது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளையும் விதித்தது.

இவையெல்லாம் அச்சில் இருந்ததால் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்ட முடிந்தது, அடிக்க முடிந்தது. இப்போது எந்த நிறுவனமும் அப்படி எழுதி வைப்பதில்லை. கண்ணாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டு, ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது நினைவிருக்கும். அந்தச் செய்தியிலும் பேசியவர்கள் சொன்னது, அது வாய்வழியாக வந்த வழக்கம் என்பதுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 14, 15, 16ஆவது பிரிவுகளை வைத்து முத்தம்மாவும் விமானப் பணிப்பெண்களும் வாதாட முடிந்ததற்குக் காரணம், எதிரே இருந்தது அரசு அல்லது அரசு நிறுவனம். தனியார் முதலாளி மேல் அந்தப் பிரிவுகளை நேராக வீச முடியாது. தனிச் சட்டம் வேண்டும். 1976இல் வந்த சம ஊதியச் சட்டம் அப்படி ஒன்று. மெக்கின்னன் மெக்கன்சி என்ற தனியார் கப்பல் கம்பெனியில் பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். வேலை போன பிறகும் ஒரு பெண் விடாமல் மனுப் போட்டார். தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் இப்படி வைத்தோம், சமமாகக் கொடுக்க எங்களுக்குக் கட்டுபடியாகாது என்றெல்லாம் கம்பெனி சொல்லிப் பார்த்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் எதையும் ஏற்கவில்லை. அவர் கையில் இருந்ததும் தாள்தான். ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்ட அந்த ஒப்பந்தம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வாயால் சொன்னதைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை என்றார் வக்கீல். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். தேதி, மணி, யார், எங்கே, என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள். அபிப்பிராயம் எழுதக் கூடாது, நடந்ததை மட்டும். அப்புறம் நியமனக் கடிதம், ஏழு வருஷத்துச் சம்பள உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், விடுப்பு விண்ணப்பமும் அதற்கு ஒப்புதல் வந்த மின்னஞ்சலும். எனக்கென்று கொடுத்த தாள்களை மட்டும் எடுக்கச் சொன்னார். கம்பெனியின் வேறு கோப்பு எதையும் தொடக் கூடாது, அதை வைத்தே நம்மை நீக்கிவிடுவார்கள் என்று எச்சரித்தார்.

அடுத்து எச்.ஆர். மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல். நானே எழுதிக்கொண்டு போனேன், நான்கு பக்கம். மனவேதனை, ஏழு வருஷ விசுவாசம், பச்சைக் குழந்தை எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் ‘கருணை கூர்ந்து பரிசீலிக்குமாறு பணிவுடன்’ என்று முடித்திருந்தேன். வக்கீல் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கருணையில் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“கருணையை எதுக்குங்க கேக்கறீங்க? சட்டத்துல இருக்கறதைக் கேளுங்க.”

அவர் அடித்ததுபோக மிஞ்சியது நாலைந்து வரி: ‘நேற்று காலை 11.20 மணிக்குத் தங்கள் அறையில், நான் மகப்பேறு விடுப்பில் சென்றதால் என் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும், ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திடுமாறும் கூறினீர்கள். ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. என் பொறுப்பும் நிறுத்தப்பட்ட படியும் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்கு அரைமணி நேரம் ஆனது. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். “அனுப்பு கண்ணு, சோத்துக்கா பஞ்சம்?” என்றார். அவர் முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்தவர்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. யாரும் ராஜினாமா கேட்கவில்லையாம். நிர்வாகத் தேவைக்காகச் செய்த இடமாற்றம்தானாம், உத்தரவு இணைக்கப்பட்டிருக்கிறதாம். இணைப்பைத் திறந்து பார்த்தேன். அதுவரை எனக்குக் காட்டாத உத்தரவு. அதில் தேதி 2019 மே 6. வக்கீல் அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தார். மே 6 அன்று நான் விடுப்பில் இருந்தேன், குழந்தைக்கு மூன்று மாதம்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம், 12ஆவது பிரிவை அப்போதுதான் எனக்கு வாசித்துக் காட்டினார். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அதே வாக்கியத்தின் கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது: அவளுக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றுவதும் சட்டவிரோதம். என் படியைக் குறைத்ததும் பொறுப்பைப் பறித்ததும் அந்த வரிக்குள் அப்படியே வந்து உட்கார்ந்தன. நாங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக அவர்களே அந்தத் தேதியை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு நடந்தவற்றை நீட்டவில்லை. வக்கீல் அறிவிப்பு போனது, அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள ஆய்வாளரிடம் புகார் போனது, இரு தரப்பையும் கூப்பிட்டார்கள். முதல் முறை அவர்கள் தரப்பில் யாரும் வரவில்லை. இரண்டாம் முறை வந்து அவகாசம் கேட்டார்கள். மூன்றாம் முறை ஒத்துக்கொண்டார்கள்: பழைய கிரேடு, நிறுத்திய படி நிலுவையோடு. கொள்முதல் இருக்கை மட்டும் திரும்பவில்லை. அதே கிரேடில் ஸ்டோர்ஸ் திட்டமிடலில் போட்டார்கள். இன்னும் போராடியிருக்கலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். இருக்கலாம். நான் அங்கே பதினான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு, நானாகத் தேடிக்கொண்ட வேறு வேலைக்குப் போனேன். அப்போது எழுதிய ராஜினாமா கடிதத்தில் காரணத்தை நானே எழுதினேன்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண்களின் புகார் என்றாலே உள்ளகப் புகார்க் குழுவிடம் போகச் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். அது பாலியல் துன்புறுத்தலுக்கான குழு. 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு, அதன் பிறகு 2013 சட்டம் வழியாக வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள எல்லா இடத்திலும் இருக்க வேண்டும், அதைவிடச் சிறிய இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. புகாருக்குப் பொதுவாக மூன்று மாதக் கெடு. மிக முக்கியமான சட்டம்தான், ஆனால் சம்பளம், பதவி உயர்வு, மகப்பேறு பிரச்சினைகளுக்கு வழி வேறு. மகப்பேறு சட்டத்தில் வேலைநீக்கத்துக்கு எதிரான மேல்முறையீட்டுக்கு 60 நாள் என்று இருந்தது. தப்பான கதவைத் தட்டிக்கொண்டு நின்றால் சரியான கதவு மூடிவிடும். எது எங்கே போகும் என்று பிரித்துச் சொல்லத்தான் வக்கீல் வேண்டும். கல்யாணத்துக்கோ பிரசவத்துக்கோ முன்பே அந்த ஆணைக்குழு அலுவலகம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு பெண்ணும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஒப்பந்தத் தொழிலாளி, தினக்கூலி என்பதால் நமக்குக் கிடையாது என்று ஒதுங்கிவிடாதீர்கள். டெல்லி மாநகராட்சியில் சாலைப் பணி செய்த தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு பயன் உண்டு என்று 2000ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டாலும் மகப்பேறு பயனை நிறுத்தக் கூடாது என்று 2023இல் சொன்னது. நம் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், முதல் கல்யாணத்தில் இரண்டு குழந்தைகள், மறுமணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம் ஜெயித்தார். வேலையையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு டெல்லி வரை வழக்கு நடத்துவது என்றால் என்ன பாடு என்று எனக்கு ஓரளவு தெரியும்.

இப்போது சட்டங்களின் பெயர்களே மாறிவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, சம ஊதியச் சட்டம் ஊதியத் தொகுப்புக்குள்ளும், மகப்பேறு சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ளும் போய்விட்டன. 26 வாரம் அப்படியே இருக்கிறது. ஆனால் நான் சொன்ன பிரிவு எண்களை வைத்து இன்று யாரும் மனு எழுத வேண்டாம். புது எண்ணை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் என் சித்தி மகள். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். ஐந்து வருஷ அனுபவம். சீனியர் பதவிக்கு அவள் பெயர் போயிருந்தது. நிச்சயதார்த்தம் ஆன மறுவாரம் அவளுக்குப் பின்னால் சேர்ந்த பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். “கல்யாணம் ஆனா வருவியோ மாட்டியோ, யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க” என்றாராம் மேலாளர். அன்று ராத்திரி பத்து மணிக்கு அழுதுகொண்டே கூப்பிட்டாள். “அக்கா, நான் பேசாம பேப்பர் போட்டுடட்டுமா?”

போடாதே என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மஞ்சப்பை நிறையத் தாள்களோடு வந்தாள். கூடத்தில் பாய் விரித்து வருஷவாரியாக அடுக்கினோம். என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலாளர் சொன்னதைச் சித்தி மகள் அன்றைக்கே தோழிக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள், தேதியும் மணியும் அதில் இருக்கின்றன. பதவி உயர்வு யாருக்கு, எந்த அடிப்படையில் என்று கேட்டு அவள் அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை. திருப்பூர் நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வரும் 18ஆம் தேதி வக்கீலைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஷிப்மென்ட் இருக்கிறதாம், அரைநாள் லீவு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிடைக்காவிட்டால் அவளுடைய பையை எடுத்துக்கொண்டு நான் போய் அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.